விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்காதீர்கள்

எங்கள் பள்ளியில் உதவி எண்களுக்குப் பஞ்சமில்லை. நுழைவாயில் சுவரில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மாடிப்படி அருகே பள்ளிக் கல்வித் துறையின் 14417. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மருத்துவ ஆலோசனைக்கான 104. அதன் பக்கத்திலேயே 14416. இது மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையின் எண். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் அழைக்கலாம். நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட, 'மாணவர் மனசு' என்று எழுதிய பெட்டி ஒன்றும் பூட்டுப் போட்டு மாட்டியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும், மனசு சரியில்லாத பிள்ளை கடைசியில் வந்து நிற்பது என் அறை வாசலில்தான். அறை என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கைப்பந்து வலை, காற்று இறங்கிய பந்துகள், மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டை, இவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலியும் ஒரு பெஞ்சும்.

நான் உடற்கல்வி ஆசிரியை. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு நான் 'பி.டி. மிஸ்'. என்னிடம் வருவதற்கு நான் பெரிய கருணைக்கடல் என்பது காரணமில்லை. விசில் ஊதுவேன், வெயிலில் ஓடவிடுவேன், நன்றாகத் திட்டவும் செய்வேன். ஆனால் என் பாடத்துக்குப் பொதுத்தேர்வு கிடையாது. என்னிடம் எதைச் சொன்னாலும் அது மதிப்பெண் பட்டியல் வரை போகாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இன்னொன்று, என் வேலையில் சும்மா நிற்கும் நேரம் இருக்கிறது. இருபது பேர் கபடி ஆடும்போது ஓரமாக நிற்கும் இருபத்தோராவது பிள்ளையின் பக்கத்தில் நானும் போய் நிற்கலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். மேசைக்கு எதிரே உட்கார வைத்து "என்ன பிரச்சினை, சொல்" என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, இப்படி நின்றால் பத்து நிமிடத்தில் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிடும்.

இந்தச் சும்மா நிற்கும் நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அரசுப் பள்ளி மாணவர்களின் மனநலம் என்று பேச்சு வந்தாலே புதிய திட்டம், புதிய செயலி, இரண்டு நாள் பயிற்சி, உறுதிமொழி என்று போகிறது. எங்களிடம் இல்லாதது நேரம். பெரியவர் ஒருவர் கையில் பதிவேடோ செல்பேசியோ இல்லாமல் பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் நேரம். இருந்த கொஞ்சத்தையும் ஜனவரி வந்ததும் கணக்கு சார் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

அவரைத் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. அறிவியல் மிஸ்ஸும் எடுத்துக்கொள்வார், ஆங்கிலம் சாரும் எடுத்துக்கொள்வார். விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் ஏறி, உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் என்று சொல்வது மரியாதைக்கு. திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை.

உடற்கல்வி ஆசிரியருக்கு முதலில் கண்ணில் படுவது வயிற்றுவலிதான். "மிஸ், வயிற்றுவலி, நான் உட்கார்ந்துகொள்கிறேன்." பெண் பிள்ளைகள் மாதத்தில் ஓரிரு நாள் சொல்வது வேறு, அதை நான் கேள்வி கேட்பதில்லை. ஆனால் வாராவாரம் வரும் வயிற்றுவலி, தலைவலி, "தூக்கம் வருகிறது மிஸ்" ஆகியவை வேறு. எங்கள் பிள்ளைகள் "எனக்கு மன அழுத்தமாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லும் பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. உடம்பைத்தான் சொல்வார்கள். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, நேற்றுவரை தோழியாக இருந்தவளோடு ஒரே அணியில் நிற்க மறுப்பது, நன்றாக ஆடியவன் தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே முகத்தோடு நிற்பது, இவையெல்லாம் வகுப்பறையில் தெரியாது. மைதானத்தில் தெரியும்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கம் வட்டாரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அப்பாவும் அம்மாவும் அங்கே, பிள்ளை இங்கே ஆயா வீட்டில். ஆயா என்றால் எங்கள் பக்கம் பாட்டி. பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள் என்று அர்த்தமில்லை. தினமும் இரவு வீடியோ அழைப்பில் பேசுகிறார்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா என்பதைக் கவனிக்க ஆயாவுக்கு உடம்பில் தெம்பில்லை. அந்த வீடியோ அழைப்புக்காக வாங்கித் தந்த செல்பேசியே இரவு இரண்டு மணி வரை பிள்ளையின் கையில் இருக்கிறது. காலையில் பள்ளிக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். பொங்கலுக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பெற்றோர் வந்து போன மறுநாள் என் அறை பெஞ்சில் இடம் இருக்காது.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாவது ஒரு பத்தாம் வகுப்புப் பையன். கபடியில் வட்டார அளவில் ஆடியவன். திடீரென்று பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். வகுப்பில் தூக்கம். 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. அந்தப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. படித்தால் எந்தப் பிள்ளை வேகமாகக் கற்கும் என்றும் புரியவில்லை. சக ஆசிரியர் ஒருவர், "இவனுக்கு மனசு ஏதோ சரியில்லை, கவுன்சலிங் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார். நான் அவனை மைதானத்துக்குக் கோடு போடக் கூப்பிட்டேன். சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே சொன்னான். அப்பா இறந்து ஒரு வருடம். அம்மாவின் கூலி கடனுக்கே சரியாகப் போகிறது. இவன் கல்யாண மண்டபங்களில் இரவுப் பந்தி பரிமாறப் போகிறான். முகூர்த்த நாள் என்றால் தூக்கமே கிடையாது.

இவனுக்குத் தேவைப்பட்டது ஆலோசனை அல்ல, விண்ணப்பப் படிவம். குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை பெற வழியிருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அலைச்சல்தான். தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தார், நான் அந்த அம்மாவுடன் போனேன். பணம் உடனே வந்துவிடவில்லை. ஆனால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்ததிலேயே பையன் மாலையில் மைதானத்துக்கு வர ஆரம்பித்தான். பசி, தூக்கமின்மை, வீட்டில் அடி இவற்றையெல்லாம் 'மனப் பிரச்சினை' என்று பெயரிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்புவது எனக்குக் கோபம் வருகிற விஷயம். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானே சொல்லித் தருகிறேன். ஆனால் காலி வயிற்றோடு எவ்வளவு நேரம் மூச்சு விடுவது?

இரண்டாவது ஒரு பதினோராம் வகுப்புப் பெண். இங்கே கதை வேறு. வீட்டில் வறுமை உண்டு, ஆனால் அது எல்லாருக்கும் உள்ளதுதான். இவள் கோ-கோவில் மின்னல் மாதிரி ஓடுபவள். இரண்டு மாதமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மதிய உணவைப் பாதியில் மூடிவைத்தாள். தோழிகள் சிரித்தால் எழுந்து போய்விடுவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, நேராகவே கேட்டேன்: "செத்துப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா, கண்ணு?"

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் பதறலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எங்கள் ஓய்வறையிலும் நம்புகிறார்கள். அப்படியில்லை. நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்டால் பெரும்பாலும் பிள்ளைக்குப் பாரம் இறங்குகிறது. அவள் தலையை ஆட்டினாள். பிறகு அழுதாள். பிறகு, "ஆயாவிடம் சொல்லாதீர்கள் மிஸ்" என்றாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. முதலிலேயே சொல்லிவிடுவேன்: "உன் உயிருக்கு ஆபத்து என்றால், யாராவது உன்னைத் தொட்டுத் தொந்தரவு செய்தார்கள் என்றால், நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன். யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதை உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும், என் விருப்பம் அதில் ஒன்றுமில்லை. மற்றபடி பிள்ளையின் காதல், பிள்ளையின் சண்டை, பிள்ளையின் அம்மா யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் ஓய்வறைக்குத் தேநீரோடு பரிமாறும் விஷயமில்லை. ஒரு தடவை கசிந்தால் போதும், அந்தப் பள்ளியில் பிறகு ஒரு பிள்ளையும் ஒரு ஆசிரியரிடமும் எதையும் சொல்லாது.

ஆயா மந்திரித்துத் தாயத்துக் கட்டிக் கூட்டி வந்திருந்தார். மனநல மருத்துவர் என்றதும், "பேத்திக்குப் பைத்தியம் என்று ஊர் சொன்னால் நாளைக்கு யாரம்மா கட்டுவார்கள்?" என்றார். நியாயமான பயம், அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் பேசியதைவிட எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் வந்து பேசியதுதான் எடுபட்டது. அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து தடுப்பூசி போட்டவர் அவர். "தாயத்து இருக்கட்டும் ஆயா, கழற்ற வேண்டாம். மாத்திரையும் இருக்கட்டும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு விருது கொடுக்கலாம்.

திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், மருந்து இலவசம். ஆனால் ஒருநாள் கூலி போகிறது, பெண்களுக்கான இலவசப் பயணம் நகரப் பேருந்தில்தான், வெளியூர்ப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இதெல்லாம் ஒவ்வொரு முறையும். சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களுக்குப் பொறுப்பில்லை என்று பேசுகிறவர்கள் இந்தப் பஸ்ஸில் ஒரு முறை வந்து பார்க்கலாம். அவள் மெதுவாகத்தான் தேறினாள். நடுவில் ஒரு மாதம் மருந்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாள். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. கோ-கோவுக்கு வருகிறாள், முன்போல வேகம் இல்லை, என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். அந்த மூன்று பேரை அடையாளம் காண யாருக்கு நேரம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் என்று பத்து வேன்கள் விட்டார்கள். உளவியலாளர் ஒருவர் வேனில் வந்து பிள்ளைகளிடம் பேசுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றைக்கு இருந்தவை 32 மாவட்டங்கள். ஒரு வேனுக்கு மூன்று மாவட்டம். கணக்கு சாரே போட்டுப் பார்க்கட்டும், ஒரு பள்ளிக்கு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்று. மனம் என்பது ஒரு தடவை வந்து போகிறவரிடம் திறக்காது. கேரளத்தில் பல அரசுப் பள்ளிகளில் ஆலோசகர்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒப்பந்த வேலைதான், அதிலும் சிக்கல்கள் உண்டு. இருந்தாலும் பிள்ளை செவ்வாய்க்கிழமை பார்த்த அதே முகத்தை வியாழக்கிழமையும் பார்க்கிறது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கு. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள வழிகாட்டுதல்களில் ஒன்று. அதே தீர்ப்பில் ஒரு கணக்கும் இருக்கிறது: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர், அதில் தேர்வுத் தோல்வி காரணமாக என்று பதிவானவை 2,248. ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஆனால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல்தான் அது. மீதி? நாங்களோ பிப்ரவரியில் 'தேர்வு பயத்தைப் போக்குவோம்' என்று ஒரு கூட்டம் நடத்திப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டு, மனநலத்தைக் கவனித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மீதியில் என்ன இருக்கும் என்று மைதானத்தில் நிற்கிறவளுக்கு ஓரளவு தெரியும். சாதி இருக்கும். அணி பிரிக்கும்போது யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கபடியில் யார் கையைப் பிடித்துச் சங்கிலி போடத் தயங்குகிறார்கள், தண்ணீர் பாட்டில் யாரிடமிருந்து யாருக்குப் போகவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்கள் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. கயிறைப் பற்றி ஊரே பேசியது. நல அலுவலர் பற்றி அதிகம் பேச்சைக் காணோம், அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் இல்லையா.

இன்னொரு மீதி, பெண் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் பேசி முடிக்கப்படும் கல்யாணம். தேர்வில் தோற்றால் கல்யாணம் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் மிரட்டல் இல்லை. அதனால்தான் தேர்வு முடிவு வரும் நாளில் நான் பள்ளிக்கு வராமல் இருப்பதில்லை. பயமுள்ள பிள்ளைகளின் பட்டியல் என்னிடம் இருக்கும். முந்தைய நாள் மாலையே போன் செய்துவிடுவேன். என்ன மதிப்பெண் என்று கேட்கவே மாட்டேன்; "நாளைக்குக் காலையில் யார் கூட இருப்பாய்?" என்றுதான் கேட்பேன். தனியாக இருப்பேன் என்றால் பள்ளிக்கு வரச் சொல்வேன். தோற்றவர்களுக்கு ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ துணைத்தேர்வு, தேறினால் அதே ஆண்டில் மேலே சேரலாம் என்று வீட்டுப் பெரியவரிடமே சொல்வேன். 2017இலேயே மாநில முதலிடப் பட்டியலை அரசு நிறுத்திவிட்டது, நல்ல முடிவு. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் இப்போது போய்விட்டது, அதைவிட நல்ல முடிவு. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் வாங்குகிற திட்டு, ஆசிரியர் வழியாக இறங்கி, கடைசி பெஞ்சுக்குத்தான் வந்து சேர்கிறது.

ஆசிரியர்களையே ஆலோசகர்களாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி வருகிறது. நான் அதற்கு எதிரி. இரண்டு நாள் பயிற்சியில் எனக்கு அடையாளம் காணவும், கேட்கவும், அனுப்பவும் சொல்லித் தரலாம். சிகிச்சை தரச் சொல்லித் தர முடியாது. முழங்காலில் ஜவ்வு கிழிந்த பிள்ளைக்கு நான் ஐஸ் வைப்பேன், அறுவை சிகிச்சை செய்ய மாட்டேன். பள்ளிக்கு ஒரு ஆலோசகர் என்பது கனவாகவே இருந்தாலும், நான்கைந்து பள்ளிக்கு ஒருவர், ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே ஆள், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை என்று கொடுத்தால்கூடப் போதும், அனுப்புகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அறை இல்லை என்றால் என் அறையைத் தருகிறேன், சுண்ணாம்பு மூட்டையை மட்டும் வராந்தாவில் வைத்துவிடலாம்.

ஆலோசகர் வரும்வரை செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதில் வைக்க ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன்: ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளின் உடற்கல்விப் பாடவேளையை எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது, மெல்லக் கற்போர் பட்டியலை வகுப்பில் படிக்கக் கூடாது. பெற்றோர் உறுப்பினர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியர் "பார்க்கலாம்" என்றார். கணக்கு சாரிடமும் நேரிலேயே சொல்லிவிட்டேன். கூட்டத்தில் எதிர்த்துப் பேசப் போகிறாராம். பேசட்டும், அவருக்கும் மைக்கை நான்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.